வரைபடத்தில் இல்லாத தொகுதிகளின் வேட்பாளர்: ஜே.பி. ஜெயரத்னம்

சிங்கப்பூரின் இன்றைய தேர்தல் வரைபடத்தில் ஆன்சன் என்ற பெயர் இல்லை. செங் சான் இல்லை. ஃபேரர் பார்க்கும் இல்லை. இந்த மூன்று தொகுதிகளிலும் வேட்பாளராக நின்றவர் காலஞ்சென்ற திரு ஜே.பி. ஜெயரத்னம். ஒன்றில் வென்றார், இரண்டில் தோற்றார். அவருடைய அரசியல் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால், தொகுதிகள் பிரிந்தும் இணைந்தும் மறைந்தும் போன கதையும் கூடவே வரும்.

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்னம் 1926 ஜனவரி 5ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் பிறந்தார். ஆங்கிலிக்கன் கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பம். மலாயாவின் அரசாங்கப் பணிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பலர் வந்த காலம் அது. சிறுவயதிலேயே ஜொகூருக்கு வந்த அவர், மூவாரிலும் ஜொகூர் பாருவிலும் படித்தார். ஜப்பானியர் ஆட்சி படிப்பைக் குலைத்தது. போர் முடிந்தபின் சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் சேர்ந்தார். பிறகு லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சட்டம் பயின்று 1951ல் வழக்கறிஞரானார்.

1952ல் சிங்கப்பூர் சட்டச் சேவையில் சேர்ந்த அவர், நீதிபதியாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் பணியாற்றினார். 1963ல் அரசுப் பணியைவிட்டு விலகித் தனியாக வழக்கறிஞர் தொழில் செய்தார். அப்போது அவருக்கு வயது 37. வசதியான வாழ்க்கைக்கு அந்தத் தொழிலே போதுமானதாக இருந்திருக்கும்.

நகராட்சி மறைந்த காலம்

அவர் சட்டச் சேவையில் இருந்த ஆண்டுகளில் சிங்கப்பூரின் உள்ளூர் ஆட்சிமுறையே மாறிப்போனது. பிரிட்டிஷ் காலத்தில் நகரப்பகுதியை நகராட்சி நிர்வகித்தது. கிராமப்புறங்களைத் தனி வாரியம் கவனித்தது. 1951ல் சிங்கப்பூர் நகரத் தகுதி பெற்றதும் நகராட்சி, நகர மன்றம் ஆனது. சாலை, தண்ணீர், மின்சாரம், துப்புரவு எல்லாம் அதன் பொறுப்பு. 1957ல் அதன் எல்லா உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுத்தனர்.

அது நீடிக்கவில்லை. 1959ல் சுயாட்சி வந்தபோது நகர மன்றமும் கிராமப்புற அமைப்புகளும் மத்திய அரசாங்கத்துக்குள் கொண்டுவரப்பட்டன. 1963ல் தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகியவை பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன. சிறிய தீவுக்கு இரண்டு அடுக்கு ஆட்சி தேவையில்லை என்பது அன்றைய முடிவு. அதனால், தெருவிளக்கு எரியாவிட்டாலும் குப்பை அள்ளாவிட்டாலும் மக்கள் தங்கள் தொகுதி உறுப்பினரைத் தேடிச் செல்லும் வழக்கம் வேரூன்றியது. தொகுதியின் எல்லைக்கோடு அன்றாட வாழ்க்கையைத் தொடும் கோடாயிற்று.

முதல் முயற்சி சிராங்கூன் சாலைப் பக்கம்

1957ல் டேவிட் மார்ஷல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி, 1960களின் இறுதியில் ஓய்ந்து கிடந்தது. 1971ல் அதில் சேர்ந்து தலைமைச் செயலாளர் பொறுப்பை ஏற்றார் திரு ஜெயரத்னம். அப்போது நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களும் மக்கள் செயல் கட்சியிடம் இருந்தன.

1972 பொதுத் தேர்தலில் அவர் நின்ற தொகுதி ஃபேரர் பார்க். 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரைக் கொண்ட இடம். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட திடலும் அங்கேதான் இருந்தது. லிட்டில் இந்தியாவை ஒட்டிய அந்தத் தொகுதியில் அவர் பெரும் வித்தியாசத்தில் தோற்றார். இன்று அந்தப் பெயரில் ரயில் நிலையம் உண்டு, தொகுதி இல்லை.

தோல்விகள் தொடர்ந்தன. 1976ல் கம்போங் சாய் சீ, 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸ், 1979 இடைத்தேர்தலில் தெலுக் பிளாங்கா, 1980ல் மீண்டும் தெலுக் பிளாங்கா. கடைசி முயற்சியில் ஏறத்தாழ 47 விழுக்காடு வாக்குகள் கிடைத்தன. அதே 1980ல் அவருடைய மனைவி மார்கரெட் புற்றுநோயால் காலமானார்.

653 வாக்குகள்

1981ல் ஆன்சன் தொகுதி உறுப்பினர் திரு சி.வி. தேவன் நாயர் சிங்கப்பூர் அதிபரானார். தொகுதி காலியானது. தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய ஆன்சன், 1961 இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷலை வெற்றிபெறச் செய்த தொகுதி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கட்சி அங்கே மீண்டும் வாக்குக் கேட்டது.

அந்த நேரத்தில் வீடு அங்கே பெரும் பிரச்சினையாக இருந்தது. துறைமுக விரிவாக்கத்துக்காக பிளேர் பிளெய்ன் பகுதியில் துறைமுக ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்த ஊழியர்கள் வெளியேற வேண்டியிருந்தது. அடுத்து எங்கே போவது என்ற கவலை அந்தக் குடும்பங்களுக்கு. வாக்குச் சீட்டில் அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

1981 அக்டோபர் 31ஆம் தேதி திரு ஜெயரத்னம் 653 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவர் பெற்றது கிட்டத்தட்ட 52 விழுக்காடு. சுதந்திரத்துக்குப் பிறகு தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சி வேட்பாளர் அவர். 1984 பொதுத் தேர்தலில் ஆன்சன் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தது; வாக்குகள் ஏறத்தாழ 57 விழுக்காட்டுக்கு உயர்ந்தன. அதே தேர்தலில் பொத்தோங் பாசிரில் திரு சியாம் சீ டோங் வென்றார்.

இரண்டாம் தவணை முழுமையடையவில்லை. கட்சிக் கணக்குகள் தொடர்பாகப் பொய்யான அறிக்கை அளித்ததாக 1986ல் அவர்மீது குற்றம் உறுதியானது. ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. உறுப்பினர் பதவி பறிபோனது. ஐந்தாண்டு காலம் தேர்தலில் நிற்கத் தடையும் வந்தது. பின்னர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. 1988ல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் வழக்கறிஞராக்கியதோடு, அவருக்கு எதிரான தீர்ப்புகளையும் குறைகூறியது. ஆனால் குற்றவியல் தீர்ப்பு அதன் மேல்முறையீட்டு வரம்புக்குள் வராததால் அது அப்படியே நின்றது. மன்னிப்புக் கோரிய மனுவும் ஏற்கப்படவில்லை.

தொகுதியே இல்லாமல் போனது

ஆன்சன் வாக்காளர்கள் அடுத்த உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே வரவில்லை. 1988 தேர்தலுக்கு முன் எல்லைகள் திருத்தப்பட்டபோது ஆன்சன் நீக்கப்பட்டு, அதன் பகுதிகள் அண்டைத் தொகுதிகளோடு சேர்க்கப்பட்டன. நகர மையத்திலிருந்து மக்கள் புதுநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையைச் சமன்செய்ய எல்லைகளை மாற்றவேண்டியிருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் காரணம். எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்த இடம் மறைந்தது தற்செயலா என்பது அதன் ஆதரவாளர்கள் விடாமல் கேட்ட கேள்வி.

அதே ஆண்டில் குழுத்தொகுதி முறை வந்தது. ஒரு குழுவில் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்கவேண்டும். சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடக்கூடாது என்பதே அரசாங்கம் கூறிய நோக்கம். இந்திய சமூகத்துக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள ஏற்பாடு. அதன்வழி பல இந்திய உறுப்பினர்கள் நாடாளுமன்றம் சென்றிருக்கிறார்கள். அதேவேளையில், சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஆன்சனில் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் தனியாக நின்று இருமுறை வென்றதும் உண்மை. இரண்டு பக்கத்து வாதங்களிலும் வலு இருந்தது.

1988ல் மும்மூன்று உறுப்பினர்கள் கொண்ட 13 குழுத்தொகுதிகள் இருந்தன. 1991ல் குழு நால்வரானது. 1997ல் ஆறுபேர் வரை போனது. ஆள்பலம் குறைந்த கட்சிக்கு இது கடினம். 1992 இறுதியில் நடந்த மரின் பரேட் குழுத்தொகுதி இடைத்தேர்தலில் போட்டியிட, தடைக்காலம் முடிந்த திரு ஜெயரத்னம் ஆயத்தமானார். குழுவுக்கு நான்கு பேர் வேண்டும். வேட்புமனு நாளன்று ஒருவர் குறைந்ததால் பாட்டாளிக் கட்சியால் மனுத்தாக்கல் செய்யவே முடியவில்லை.

யூனோஸும் செங் சானும்

அவர் தலைமையில் பாட்டாளிக் கட்சி வெற்றியை நெருங்கிய இடம் யூனோஸ் குழுத்தொகுதி. 1988ல் 49 விழுக்காட்டையும் 1991ல் ஏறத்தாழ 48 விழுக்காட்டையும் கட்சி எட்டியது. 1997 தேர்தலுக்கான புதிய வரைபடத்தில் யூனோஸ் குழுத்தொகுதி இல்லை.

அந்தத் தேர்தலில் திரு ஜெயரத்னத்தின் குழு செங் சானில் நின்று 45 விழுக்காடு பெற்றது. தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு விழுக்காடு பெற்றதால், அவர் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினராக, பத்தாண்டுகளுக்குப் பிறகு அவைக்குத் திரும்பினார். 2001ல் செங் சானும் கலைக்கப்பட்டு, அதன் பகுதிகள் சுற்றியிருந்த குழுத்தொகுதிகளுக்குப் பிரிந்து சென்றன.

அவருடைய பதவியும் அதே ஆண்டில் முடிந்தது. 1995ல் கட்சி ஏடான ஹேமரில் தமிழ்மொழி வாரம் பற்றித் தமிழில் வெளிவந்த ஒரு கட்டுரை அவதூறு வழக்காகியிருந்தது. அதில் செலுத்தவேண்டிய இழப்பீட்டுத் தவணை தவறியதால் 2001ல் அவர் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். நாடாளுமன்ற இடமும் வழக்கறிஞர் தொழிலும் ஒருசேரப் போயின. கட்சித் தலைமை திரு லோ தியா கியாங்கிடம் சென்றது.

அதன்பின் ஆர்ச்சர்ட் சாலை நடைபாதையில் தாம் எழுதிய நூல்களை நின்றுகொண்டே விற்ற முதியவராகத்தான் பலர் அவரைப் பார்த்தார்கள். 2007ல் கடனைத் தீர்த்து நொடிப்பு நிலையிலிருந்து விடுபட்டு, மீண்டும் வழக்கறிஞரானார். 2008ல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, 82 வயதில், மாரடைப்பால் காலமானார்.

எல்லைக்கோடும் துடைப்பமும்

அவர் பதவியில் இல்லாத ஆண்டுகளில் உள்ளூர் நிர்வாகம் வேறு வடிவில் திரும்பியது. 1988ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நகர மன்றங்கள் உருவாயின. வீவக பேட்டைகளின் நடைபாதைகளைக் கூட்டுவது, மின்தூக்கியைப் பராமரிப்பது, சேவை, பராமரிப்புக் கட்டணத்தை வசூலிப்பது எல்லாம் அவற்றின் வேலை. 1959ல் மறைந்த நகர மன்றத்துக்குத் தனித் தேர்தல் இருந்தது. இப்போதைய நகர மன்றத்துக்குத் தனித் தேர்தல் கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர்களே அதை நடத்துகிறார்கள்.

ஆகவே தொகுதி எல்லை மாறினால் நகர மன்றமும் மாறலாம். கட்டணம் எந்த மன்றத்துக்கு, கசியும் கூரைக்கு யாரிடம் புகார் செய்வது என்பதெல்லாம் புதிதாகும். பக்கத்து மன்றங்கள் இணைவதும் உண்டு. 2011ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியைப் பாட்டாளிக் கட்சி வென்றபோது, ஹவ்காங்கும் அல்ஜுனிட்டும் ஒரே நகர மன்றமாயின. சமூக மேம்பாட்டு மன்றங்களும் அப்படியே: 1997ல் தொடங்கிய ஒன்பது மன்றங்கள் 2001ல் ஐந்தாகக் குறைந்தன. பெரிய அமைப்புக்குச் செலவு குறையும், நிபுணத்துவம் கூடும் என்பது இணைப்பின் பயன். குடியிருப்பாளருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையிலான தூரம் கூடலாம் என்பது அதன் விலை.

கோடுகள் மாறினாலும் வாக்காளர் வீட்டோடு காணாமல் போய்விடுவதில்லை. பழைய யூனோஸ் குழுத்தொகுதியின் யூனோஸ், காக்கி புக்கிட் வட்டாரங்கள் பின்னர் அல்ஜுனிட்டுக்குள் வந்தன. 2011ல் எதிர்க்கட்சி முதல்முறையாக ஒரு குழுத்தொகுதியை வென்றது அங்கேதான். திரு ஜெயரத்னம் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அவர் வாழ்நாளில் ஆறு தொகுதிகளில் வேட்பாளராக நின்றார். அவற்றுள் இன்று தொகுதியின் பெயராக இருப்பது ராடின் மாஸ் ஒன்றே. அதுவும் குழுத்தொகுதிக்குள் போய், 2011ல் தனித்தொகுதியாகத் திரும்பியது. 2025 தேர்தலுக்கு முன்னும் எல்லை மறுஆய்வுக் குழு கோடுகளைத் திருத்தி, 18 குழுத்தொகுதிகளையும் 15 தனித்தொகுதிகளையும் வகுத்தது. அப்போதும் வீடு மாறாமலே தொகுதி மாறிய குடும்பங்கள் பல. அடுத்த அறிக்கை வரும்போதும் தங்கள் புளோக் எந்தப் பெயரின்கீழ் வருகிறது என்பதை அவர்கள் முதலில் தேடிப் பார்ப்பார்கள்.