ஏழே கால் மணி நேரம்



போன வருஷம் எங்க தாத்தா இறந்தப்போ சிங்கப்பூர்ல இருக்கிற மாமாவுக்கு போன் பண்ணினோம். சிங்கப்பூரில் இருந்து திருச்சி சுமார் 3,000 கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ராத்திரிக்குள்ள வந்துடுவான்னு அம்மாச்சி வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. லீவு கேட்டு, டிக்கெட் கிடைச்சு, திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியா மாமா வந்து சேர்ந்தப்போ அடக்கம் முடிஞ்சிருச்சு. பறக்கிற நேரம் வேற, வந்து சேர்ற நேரம் வேறன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அதனாலதான் ஜே.ஆர்.டி. டாட்டாவைப் பத்தி எழுதுறேன்.

அவர் 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அம்மா பிரெஞ்சுக்காரர். 1929-ல் இந்தியாவிலேயே முதல் விமானி உரிமம் வாங்கினார். 1930-ல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் போட்டி நடந்தது. இவர் இங்கிருந்து கிளம்பினார், ஆஸ்பி இன்ஜினியர் என்ற பையன் அங்கிருந்து வந்தான். எகிப்தில் அந்தப் பையன் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றான். தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார் டாட்டா. ஜெயித்தது அந்தப் பையன்! பின்னாளில் அவர் நம் விமானப்படைத் தளபதி ஆனார்.

1932 அக்டோபர் 15. லண்டனில் இருந்து கராச்சிக்கு வந்த தபாலில் சுமார் 25 கிலோவை ஒரு சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு காலை 6.35-க்குத் தனியாகக் கிளம்பினார். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்ததாம். (நம்ம ஊர் போட்டுக்கு டீசல் கேன் வர்ற மாதிரி!) மதியம் 1.50-க்கு பம்பாய் ஜுஹு மைதானத்தில் இறங்கினார். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர், ஏழே கால் மணி நேரம். அங்கிருந்து அவர் நண்பர் வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு, பெல்லாரியில் ராத்தங்கி, மறுநாள் சென்னையில் சேர்த்தார்.

மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது பூனாவில் இருந்து ஓட்டினார்கள். முதல் வருஷம் முழுக்கத் தபால் நேரம் தவறவே இல்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

அந்தக் கம்பெனிதான் பின்னால் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கே பறந்தது. 1953-ல் அரசுடைமை ஆனது. ஆனாலும் 1978 வரை இவர்தான் தலைவர்.

1982-ல், 78 வயசில், அதே கராச்சி–பம்பாய் வழியில் பழைய மாதிரி விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் காலமானார். 2022-ல் ஏர் இந்தியா மறுபடி டாட்டா கம்பெனிக்கே வந்துவிட்டது.

இன்றைய ஜெட் விமானத்துக்குக் கராச்சியிலிருந்து மும்பை ஒன்றரை மணி நேரம்தான். ஆனா இப்போ அந்த வழியில் நேர் விமானமே கிடையாது. துபாய் போய்ச் சுத்தித்தான் வரணும். இதை அம்மாச்சிகிட்ட சொன்னேன். அப்போ அந்த ஏழே கால் மணியே தேவலையேன்னு சிரிச்சாங்க.