கம்பியைத் தட்டிய கலைஞர்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் பியானோ கற்கும் மாணவர் பலர் உள்ளனர். அவர்கள் பெரும்பாலும் பயில்வது சுவரோரமாக நிமிர்ந்து நிற்கும் பியானோவில்தான். அதன் முன்பலகையைக் கழற்றினால் ஏறத்தாழ 230 கம்பிகளும் 88 சிறு சுத்தியல்களும் தெரியும். கட்டையை அழுத்தியதும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகும். அந்த விலகலைக் கண்டறிந்தவர் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி.

இவர் 1655ஆம் ஆண்டு இத்தாலியின் பதுவா நகரில் பிறந்தார். 1688இல் புளோரன்சு நகரின் மெடிசி இளவரசர் பெர்டினாண்டோ, தம் இசைக்கருவிகளைப் பேணவும் புதியவற்றைச் செய்யவும் இவரைப் பணியில் அமர்த்தினார்.

அக்காலத்தில் ஹார்ப்சிகார்டு என்னும் கருவி பெரும்புகழ் பெற்றிருந்தது. அதில் பறவை இறகின் தண்டு கம்பியைச் சுண்டும். கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வீணையின் குழைவைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெருங்குறைதான்.

சுண்டுவதற்குப் பதிலாகத் தட்டினால் என்ன? எண்ணம் எளிது, செயல் கடினம். மிருதங்கத்தைத் தட்டிய விரல் உடனே எழாவிட்டால் நாதம் மங்கிவிடும். அதுபோல, சுத்தியல் கம்பியிலேயே தங்கினால் ஒலி அமுங்கிவிடும். ஆகவே, கிறிஸ்தோஃபோரி கட்டைக்கும் சுத்தியலுக்கும் இடையே ஒரு சிறு நெம்புகோலை அமைத்தார். அது சுத்தியலை மேலே தள்ளி, கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே நழுவிவிடும். சுத்தியல் எஞ்சிய தூரத்தைத் தானே கடந்து, தட்டிவிட்டுத் திரும்பும். அது மீண்டும் துள்ளித் தட்டாமலிருக்க ஒரு தடுப்பு. விரலை எடுத்ததும் ஒலியை நிறுத்த ஓர் அடக்கி. விரலின் வேகமே இப்போது ஒலியின் அளவாயிற்று. மெல்லொலியும் வல்லொலியும் தரும் இக்கருவி, 1700ஆம் ஆண்டு எழுதப்பட்ட அரண்மனைப் பொருள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இத்தாலிய மொழியில் 'பியானோ' என்றால் மெல்லொலி.

இவ்வளவு அரிய கருவிக்கு இத்தாலியில் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. அதன் ஒலி மங்கலானது என்று சிலர் குறை கூறினர். 1713இல் இளவரசரும் மறைந்தார். ஆதரித்தவர் போனபின்னும் கிறிஸ்தோஃபோரி கருவியைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் 1720, 1722, 1726ஆம் ஆண்டுகளில் செய்த மூன்று பியானோக்கள் இன்று நியூயார்க், ரோம், லைப்சிக் நகர்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன. 1731இல் அவர் காலமானார். பியானோவுக்கென்றே எழுதப்பட்ட முதல் இசைத் தொகுப்பு மறு ஆண்டுதான் அச்சேறியது; அதைக் காண அவர் இல்லை.

பின்னர் ஜெர்மானியர் ஒருவர் இக்கண்டுபிடிப்புக்கு உரிமை கோரினார். ஆயினும், மாஃபேய் என்னும் அறிஞர் 1711இல் கிறிஸ்தோஃபோரியின் கருவியைப் பற்றிப் படத்துடன் எழுதிய கட்டுரை சான்றாக நின்றது.

கிறிஸ்தோஃபோரியின் பியானோவில் கம்பிகள் படுக்கையாக இருந்தன. சுத்தியல் தன் எடையாலேயே கீழே விழுந்தது. நிமிர்ந்த பியானோவில் சுத்தியல் பக்கவாட்டில் தட்டுவதால், அதைத் திருப்ப ஒரு சுருள்வில்லும் சிறு நாடாவும் உதவுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் மரம் உப்பிக் கட்டைகள் இறுகுவதுண்டு. அதைச் சரிசெய்ய வருபவர் நெம்புகோல் நழுவும் இடத்தையும் பார்ப்பார். கம்பிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே சுத்தியல் விடுபடுமாறு திருகாணியைத் திருப்புவார்.