அற்புதங்களின் நடுவே ஓர் எளிய உள்ளம்

லூர்து நகரில் 1844-ஆம் ஆண்டு ஏழை மாவு ஆலைக்காரரின் மகளாய்ப் பிறந்தவர் புனித பெர்னதெத். 1858-இல், தம் 14-ஆம் வயதில், மசபியேல் கெபியில் தேவதாயை 18 முறை கண்டார். அவர் மண்ணைத் தோண்டிய இடத்தில் ஊற்றுப் பெருகியது. நோயாளிகள் சிலர் குணமடைந்தனர். ஆயரோ அவசரப்படவில்லை, குழு அமைத்து விசாரித்து, 1862-இல்தான் காட்சிகளை ஏற்றார்.

மக்கள் நீட்டிய காசைப் பெர்னதெத் தொடவில்லை. குணமாக்கும் வல்லமை தமக்கு உண்டெனச் சொல்லவுமில்லை. 1866-இல் நெவேர் கன்னியர் மடத்தில் சேர்ந்து, நோயாளிகளுக்குப் பணிசெய்தார். ஆஸ்துமாவும் எலும்புருக்கி நோயும் வாட்ட, வேதனையை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்து, 1879-இல் 35-ஆம் வயதில் மரித்தார். 1933-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது, அவருடைய தாழ்ச்சிக்காகவும் விசுவாசத்திற்காகவுமே.

அற்புத வல்லமை தமக்குண்டென்று விளம்பரம் செய்வோரைக் காணும்போது, நாம் பெர்னதெத்தை நினைவுகூர்வோம். அற்புதம் இறைவனுடையது, நம்முடையது விசுவாசமே.