கதவு திறந்த மடம்: தந்தை துப்புயியின் வாழ்வு

புதுச்சேரிக்குச் செல்லும் நாம் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் செபித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்துவிடுகிறோம். இந்நகரில் இறைவனுக்காகத் தங்களைக் கையளித்த பெண்களின் மடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிளாண்டர்ஸ் நாட்டில் பெகின்கள் என்னும் பெண்கள் இருந்தார்கள். துறவற சபை எதிலும் சேராமல், சுற்றுச்சுவருக்குள் சிறு வீடுகளில் செபத்திலும் கைவேலையிலும் அவர்கள் வாழ்ந்தார்கள். நமது புதுச்சேரியிலோ 1748-ஆம் ஆண்டிலேயே, இயேசு சபைக் குருக்களின் முயற்சியால் கார்மேல் மடம் உருவானது. மடத்தின் மதில் உலகைப் பழிப்பதற்கு அல்ல, உலகுக்காக மன்றாடுவதற்கே. அந்த மதிலுக்கு இன்னொரு பயனும் உண்டு எனக் காட்டியவர் அருட்தந்தை லூயி சவினியன் துப்புயி.

இவர் 1806-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சான்ஸ் நகரில் பிறந்தார். பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருவாக 1832-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தார். தமிழை ஆழ்ந்து கற்றார். 1840-இல் தொடங்கிய மிஷன் அச்சகம் அவரது பொறுப்பில் வளர்ந்தது. ஓலைச்சுவடிகளில் நூறாண்டுக்கும் மேலாக இருந்த வீரமாமுனிவரின் தேம்பாவணி, 1851 முதல் அந்த அச்சகத்திலிருந்து நூலாக வெளிவந்தது. தந்தை முசே அவர்களுடன் சேர்ந்து இவர் உருவாக்கிய தமிழ்-பிரெஞ்சு அகராதி தமிழுக்குக் கிடைத்த பெரும் செல்வம்.

1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆயர் பொன்னாந்து புதுச்சேரியில் மாமன்றம் ஒன்றைக் கூட்டினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதும் மக்களுக்குக் கல்வி தருவதும் அங்கு முதன்மை பெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், இந்நாட்டுப் பெண்களைக் கொண்டு தந்தை துப்புயி ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அதன் முதற்பணி. பின்னாளில் புனித பிரான்சிசின் மூன்றாம் சபையோடு இணைந்த அச்சபையே இன்றைய மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை.

இன்று இது எளிய செயலாகத் தோன்றலாம். அன்று எழுத்தறிவு தேவதாசிகளுக்கு உரியது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியிருந்தது. எழுத்தாணி பிடித்த மகளை ஊர் என்ன சொல்லுமோ என்று கிறிஸ்தவப் பெற்றோரும் அஞ்சினார்கள். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்பதே அவர்கள் கவலை. அந்த அச்சத்தை வெறும் மறையுரையால் போக்கிவிட முடியாது. கற்பிக்க வந்தவர்களோ நம் மொழி பேசும் நம் ஊர்ப் பெண்கள். செபத்திலும் ஒறுத்தலிலும் வாழ்பவர்கள். மடத்தின் மதிலுக்குள் இருப்பவர்கள். பெற்றோரின் நம்பிக்கைக்கு இதைவிட வேறு என்ன உறுதி வேண்டும்? பெண்ணை அடைத்து வைப்பதாகத் தோன்றிய மதிலே அவளுக்கு அறிவின் வாசலாக மாறியது என்றே நாம் சிந்திக்கிறோம்.

சுவர்கள் எல்லாம் அன்று விழுந்துவிடவில்லை. சாதி வேற்றுமை கோவிலுக்குள்ளேயே நிலவிய காலம் அது. ஆயினும் ஒரு கதவு திறந்தது. அதன் வழியே நடந்தவர்களின் பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் பின்னர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் எழுந்தார்கள்.

தந்தை துப்புயி 1874-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். பிறந்த மண்ணைவிட இம்மண்ணிலேயே அவர் அதிக ஆண்டுகள் வாழ்ந்தார்.

அன்பார்ந்த இறைமக்களே, இன்றும் நம் பங்குகளில், வீட்டில் பணமுடை வந்தால் முதலில் நிறுத்தப்படுவது யாருடைய படிப்பு? மகனுக்குக் கடன் வாங்கும் நாம் மகளுக்கு வரன் தேடுகிறோம். ஊர் என்ன சொல்லுமோ என்ற பழைய அச்சம் நம் வீட்டில் இன்னும் குடியிருக்கிறதா? நம் தாய்மாருக்கு எழுத்தறிவித்த அருட்சகோதரிகளை நன்றியோடு நினைப்போம். அவர்கள் திறந்த கதவை நம் வீட்டில் நாமே அடைத்துவிடாதிருக்க அருள் வேண்டுவோம்.