தொரப்பள்ளி தந்த மதுவிலக்குப் பெரியார்
(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு)

மூதறிஞர் இராஜாஜி என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு நினைவில் எழுவது கவர்னர் ஜெனரல் பதவி. தமிழ் படிக்கும் நண்பர்களுக்குச் 'சக்கரவர்த்தித் திருமகன்' நினைவுக்கு வரலாம். நான் இங்கு எழுதப் புகுந்தது அவற்றைப் பற்றியன்று. அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் விடாமல் பற்றியிருந்த ஒரு காரியத்தைப் பற்றியும், அதனால் என் வீட்டில் நான் அறிய நேர்ந்த ஒன்றைப் பற்றியுமே.

இராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் முனிசீப். அந்நாளில் அது சேலம் ஜில்லா. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது நம்மோடு வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குப் போய்விட்டது. ஆயினும் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நான் விடுவதாக இல்லை. அவர் பிறந்த இல்லம் இன்று அரசின் நினைவில்லம். சென்ற ஆண்டு நாங்கள் சிலர் அங்கு போயிருந்தோம். ஓடு வேய்ந்த சிறிய வீடு அது. இங்கிருந்தா ஒருவர் டில்லி அரண்மனை வரை போனார் என்று வியக்கத் தோன்றும்.

ஓசூர்ப் பள்ளியிலும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், பின் சென்னையில் சட்டமும் படித்து, 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். கைநிறைய வருமானம். 1917இல் நகரசபைத் தலைவரானார். பிறகு காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலை உதறினார். இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை.

பாடநூலில் அதிகம் காணாதது 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் அவர் நிறுவிய காந்தி ஆசிரமம். வக்கீல் மாளிகையை விட்டு வந்தவர் அங்கே குடிசையில் வாழ்ந்தார். சுற்றுவட்டாரத்து ஏழைகளின் வீட்டுக் கணக்கை அருகிலிருந்து பார்த்தார். கூலி எவ்வளவு, அதில் கள்ளுக்கடைக்குப் போவது எவ்வளவு, அடுப்புக்கு வருவது எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்தது. அதன் பயனாகவே 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற இதழைத் தொடங்கினார். உதவிக்கு இருந்தவர் பின்னாளில் கல்கி என்று புகழ்பெற்ற கிருஷ்ணமூர்த்தி. கதையும் படமுமாக, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்படி அது வந்தது. அவர் எழுதிய 'திக்கற்ற பார்வதி' கணவனின் குடியால் ஒரு பெண் அடையும் கதியைச் சொல்லும் கதை. அவர் மறைந்த பின் 1974இல் அது திரைப்படமாக வந்தது. படம் பிடித்ததும் தொரப்பள்ளியிலேதான்.

1937 ஜூலையில் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அக்காலத்தில் முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தனர். பதவியேற்ற மூன்றாம் மாதம், அக்டோபர் 1 அன்று, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் அடங்கிய பரப்பு அது. வேறெந்த ஜில்லாவையும் விட்டுச் சொந்த ஜில்லாவில் முதலில் கைவைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கள் இறக்கியவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே! பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்தார்கள். அரசு இழந்த வருமானத்துக்காக 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று நாம் சோப்பு வாங்கினாலும் கட்டும் வரிக்கு மூலம் எதுவென்று இப்போது விளங்கும். வணிகர்கள் அவரைத் திட்டினார்கள், அவர் பொருட்படுத்தவில்லை.

பின்வந்த வரலாறு திறப்பதும் மூடுவதுமாகவே போயிற்று. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி சேலத்து மதுவிலக்கை விலக்கிக்கொண்டது. 1948இல் ஓமந்தூரார் மாகாணம் முழுவதும் கொண்டுவந்தார். 1971இல் அது தளர்த்தப்பட இருந்தபோது, 92 வயது முதியவர் கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்கே சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டதை யாவரும் அறிவர். கேட்டது நடக்கவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். 1974இல் மீண்டும் மூடினார்கள். 1981இல் மீண்டும் திறந்தார்கள். 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசு நிறுவனமே நடத்துகிறது.

இவ்வளவையும் வகுப்புக் கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதே கார்த்திகை மாதத்தில்தான் என் சித்தப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டார். அவர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய் வருபவர். தங்கமான மனிதர், குடிப்பார். முதலில் சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது, பிறகு தினமும் என்றாயிற்று. முன்பு கால் பாட்டிலில் தள்ளாடியவர், பின்னாளில் முழுப் பாட்டிலிலும் நிலையாக நின்றார். உடம்பு தாங்குகிறது என்று நாங்கள் அதைப் பெருமையாகக்கூடப் பேசியதுண்டு. காலையில் தேநீர் டம்ளரைப் பிடிக்க அவர் கை நடுங்கும். பலவீனம் என்று பாட்டி முட்டை அவித்துக் கொடுப்பார். ஒரு வாய் குடித்தால் நடுக்கம் நின்றுவிடும். ஆகவே விடிந்ததும் குடித்தார். சோறு குறைந்தது. பாட்டிலை வைக்கோற்போரில் ஒளித்தார். சித்தியின் தோடு அடகுக்குப் போயிற்று. இவை ஒவ்வொன்றும் குடிநோயின் அடையாளம் என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் கண்டது ஒழுக்கக்கேடு. செய்தது வசைபாடுதலும் மந்திரித்த கயிறு கட்டுதலும்.

மாலை போட்ட அன்றே அவர் குடியை அறவே நிறுத்தினார். வீடு மகிழ்ந்தது. இரண்டாம் நாள் வியர்வையும் உறக்கமின்மையும். மூன்றாம் நாள் இரவு, சுவரெங்கும் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்து, இறந்துபோன என் தாத்தாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். சாமி குற்றம் என்றார்கள் சிலர். பூசாரியை அழைத்து வர ஆள் போயிற்று. அதற்குள் வலிப்பு வந்தது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம்.

மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. பல ஆண்டு மிகுதியாகக் குடித்த உடம்பு திடீரென மது கிடைக்காமல் போனால் சில நாளில் வலிப்பும் ஜன்னியும் காணலாம், உயிரே போகவும் கூடும், ஆகவே இத்தகையவர் மருத்துவர் பார்வையில் மருந்துடன்தான் நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். சித்தப்பாவுக்கு ஊசியும், வைட்டமின் பி1 மருந்தும், மனநலப் பிரிவில் தொடர் சிகிச்சையும் கிடைத்தன. 14446 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்டால் அருகிலுள்ள சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள் என்பதையும் அங்குதான் அறிந்தேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மீதிக் குறிப்பை எழுதினேன். இராஜாஜி சேலத்தில் கடைகளை மூடுவதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1935இல், அமெரிக்காவில் குடியால் நொந்த இருவர் கூடி, ஒருவருக்கொருவர் துணையாயிருந்து குடியை விடும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அச்சங்கம் இன்று தமிழ்நாட்டிலும் உண்டு. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை குடிநோய்க்கென்றே தொடங்கப்பட்டது 1980இல். இராஜாஜி கடையைப் பார்த்தார். இவர்கள் ஆளைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நம் மாவட்டத்தில் சேர்ந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. பெரியவரைக் குறை சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். வீட்டுக் கணக்கிலிருந்து குடியை அளக்கக் கற்றுத் தந்தவரே அவர்தான். தோடு அடகுக்குப் போன அன்றே நாங்கள் அந்தக் கணக்கைச் சரியாகப் படித்திருக்கலாம்.

சித்தப்பா பதினொரு மாதம் குடிக்கவில்லை. பிறகு அரூரில் ஓர் உறவினர் திருமணத்தில் குடித்துவிட்டார். நான்கு நாள் தொடர்ந்து குடித்தார். சித்தி அழுதார். நான் கோபத்தில் பேசாமலிருந்தேன். ஐந்தாம் நாள் காலை, நடுங்கும் கையைத் துண்டில் சுற்றி மறைத்துக்கொண்டு என்னிடம் வந்து, இன்றைக்குக் கல்லூரிக்குப் போகாமல் தம்மோடு ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்டார். ஏழு மணிப் பேருந்தில் போனோம். அன்றைய வருகைப் பதிவில் எனக்கு விழுந்த குறியை எங்கள் பேராசிரியர் இதைப் படித்தபின் மன்னிப்பார் என்று நம்புகிறேன்.