டாப்ளர்: நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு, நெஞ்சுக்கு உதவின கதை

தாழையூத்துப் பக்கம் தண்டவாளத்துக்குக் கிட்ட நின்னிருந்தா இதைக் கவனிச்சிருப்பீங்க. ரயில் நம்மள நோக்கி வரும்போது ஹாரன் கீச்சுனு கேக்கும். தாண்டின அடுத்த நொடி சுருதி இறங்கிடும். டாப்ளர் விளைவுன்னு ஸ்கூல்ல படிச்சு, மார்க் வாங்கிட்டு மறந்த விஷயம்தான். ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரரோட வாழ்க்கை, பிளேஸ்மென்ட் சீசன்ல நாம படிக்க வேண்டிய ஒண்ணு.

கிறிஸ்டியன் டாப்ளர் 1803 நவம்பர் 29-ல், இன்னைக்கு ஆஸ்திரியாவில் இருக்கிற சால்ஸ்பர்க் நகரத்துல பிறந்தார். குடும்பத் தொழில் கல் வேலை. இவருக்கோ சின்ன வயசுலயே உடம்பு பலவீனம். உளி பிடிக்க முடியாதுன்னு படிக்க அனுப்பினாங்க. வியன்னாவில் கணக்கும் இயற்பியலும் படிச்சார். அங்கேயே சில வருஷம் தற்காலிக உதவியாளர் வேலை. 1833-ல அதுவும் முடிஞ்சுது. அப்புறம் ஊர் ஊரா விண்ணப்பம் போட்டார், எதுவும் அமையல. ஒரு நூல் மில்லுல பதினெட்டு மாசம் கணக்கு எழுதினார். அது எப்படிப்பட்ட வேலைன்னு விக்கிரமசிங்கபுரத்துக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1835-ல வெறுத்துப்போய், இருந்த சாமான்களை வித்துட்டு அமெரிக்கா கிளம்பத் தயாரானப்போதான் பிராக் நகரத்துல ஆசிரியர் வேலை கிடைச்சுது.

1842 மே 25 அன்று அங்கே ஒரு கட்டுரை வாசிச்சார். கேக்க வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அலையை அனுப்புற பொருளோ வாங்குற ஆளோ நகர்ந்தா அதிர்வெண் மாறும். இரட்டை நட்சத்திரங்களோட நிறத்துக்கு இதுதான் காரணம் என்பது அவர் வாதம். நிறத்தைப் பத்திச் சொன்னது தப்பு. நட்சத்திரத்தோட நிறத்தை முக்கியமா தீர்மானிக்கிறது அதோட வெப்பநிலை. ஆனா சமன்பாடு சரி. 1845-ல நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ஓடுற ரயில்ல ட்ரம்பெட் வாசிக்கிறவங்களை ஏத்தி, சுருதி ஞானம் உள்ளவங்களைத் தண்டவாளம் ஓரமா நிறுத்திச் சோதிச்சார். ஒலிக்கு டாப்ளர் கணக்கு பொருந்துச்சு.

டாப்ளருக்கு நிம்மதி மட்டும் வரல. தேர்வுல ரொம்பக் கறார்னு மாணவர்களே புகார் கொடுத்தாங்க. நுரையீரல் நோய் முத்திக்கிட்டே வந்துச்சு. 1850-ல வியன்னா பல்கலைக்கழக இயற்பியல் நிறுவனத்தோட முதல் இயக்குநர் ஆனார். மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் அங்கே படிச்சவர்தான். 1852-ல கணித மேதை பெட்ஸ்வால், டாப்ளரோட கொள்கையையே அறிஞர் சபையில் தாக்கிப் பேசினார். அதே வருஷக் கடைசியில் நல்ல காத்துக்காக வெனிஸ் போனார் டாப்ளர். 1853 மார்ச் 17-ல அங்கேயே இறந்தார். வயசு 49.

நூறு வருஷம் கழிச்சு, 1950-களில் ஜப்பானின் ஒசாகாவில் சடோமுரா அதே கணக்கை மீயொலியோட சேர்த்து இதயத்துக்குள்ள அனுப்பினார். ரத்த அணு இங்கே ரெண்டு வேஷம் போடுது. ஒலியை வாங்கும்போது நகர்ற கேட்பவர், திருப்பி அனுப்பும்போது நகர்ற ஹாரன். அதனால சமன்பாட்டுல ஒரு 2 வரும். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி, அதே திசையில் நொடிக்கு 30 செ.மீ. ஓடுற ரத்தம், உடம்புக்குள்ள ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர்னு வச்சுக்கிட்டா, அதிர்வெண் மாற்றம் சுமார் 1,170 ஹெர்ட்ஸ். நம்ம காதுக்கே கேக்கும். ஒலி குறுக்கே 90 டிகிரியில் பட்டா மாற்றம் பூஜ்யம். அதனாலதான் டாக்டர் புரோபைச் சாய்ச்சுச் சாய்ச்சுத் தேடுறார்.

இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கிறது கரோனரி தமனிகள். அதுல இடது பக்கம் முன்னால இறங்குற தமனி நெஞ்சுச் சுவருக்குக் கிட்ட இருக்கறதால, வெளியே இருந்தே அளக்கலாம். இதயம் விரியும்போதுதான் அதுல ஓட்டம் அதிகம். முதல்ல சும்மா படுத்திருக்கிறப்போ வேகம் பார்ப்பாங்க. அப்புறம் ரத்தக்குழாயை விரிக்கிற அடினோசின் மருந்தை நரம்பு வழியா ஏத்தித் திரும்பப் பார்ப்பாங்க. ரெண்டாவதை முதலாவதால வகுத்தா வர்ற எண் 2-க்குக் கீழே இருந்தா கவலைப்படணும். சுத்தமல்லி அணையில இருந்து வர்ற நெல்லைக் கால்வாயை நினைச்சுப் பாருங்க. சாதாரண நாள்ல கொஞ்சம் தண்ணி ஓடினா கால்வாய் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். வயலுக்கு நிறையத் தேவைப்படுறப்போ ஷட்டரைத் திறந்தும் தண்ணி கூடலைன்னாதான் எங்கேயோ அடைச்சிருக்குன்னு புரியும்.

அடைப்பு சரியா எந்த இடத்துலன்னு பார்க்க ஆஞ்சியோகிராம் வேணும்தான். ஆனா இந்தச் சோதனைக்குத் தமனிக்குள்ள குழாய் விட வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது.

அடுத்த தடவை தாத்தாவையோ ஆச்சியையோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எக்கோ எடுக்கக் கூட்டிட்டுப் போனா, மிஷின்ல இருந்து உஷ், உஷ்னு ஒரு சத்தம் வரும். அதைக் காது கொடுத்துக் கேளுங்க. மில் கணக்கப்பிள்ளையா இருந்த ஒருத்தர் நட்சத்திரத்துக்காகப் போட்ட கணக்கோட சத்தம் அது.