டாக்டர் சௌந்தரம் அம்மையார்

திண்டுக்கல்லுக்கு அண்மையில், சின்னாளப்பட்டியை அடுத்து, சிறுமலையை நோக்கிய வண்ணம் காந்திகிராமம் அமைந்துள்ளது. அதனைத் தம் கணவருடன் சேர்ந்து தோற்றுவித்தவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார்.

அம்மையார் 1904ஆம் ஆண்டில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளாகப் பிறந்தார். அக்கால வழக்கப்படி இளம்பருவத்திலேயே அவருக்கு மணம் நிகழ்ந்தது. கணவர் சௌந்தரராஜன் ஒரு மருத்துவர். மனைவி கல்வி பெறவேண்டுமென்று விழைந்தவர். அவரோ இளமையிலேயே காலமானார்.

கைம்பெண்கள் மங்கல நிகழ்ச்சிகளுக்கு விலக்காகி, அடுக்களை மூலையிலேயே வாழ்நாளைக் கழித்த காலம் அது. பெற்றோர் தம் மகளை அந்நிலைக்கு விட்டாரல்லர். தில்லிக்கு அனுப்பி மருத்துவம் பயிலச் செய்தனர். 1936இல் பட்டம் பெற்றபோது அம்மையாருக்கு அகவை முப்பதைக் கடந்திருந்தது.

காந்தியடிகளின் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை மணக்க அம்மையார் விரும்பினார். அவர் வேறு குலத்தினர். மகளின் படிப்புக்குத் துணிந்த பெற்றோர் மறுமணத்துக்குத் துணியவில்லை. காந்தியடிகளும் உடனே இசையாது, இருவரும் ஓராண்டு எவ்விதத் தொடர்புமின்றிப் பிரிந்திருக்குமாறு பணித்தார். தொலைவில் உள்ளோரைப் பெரும்பாலும் கடிதமே இணைத்த அந்நாளில், ஓலை எதிர்பாராது ஓராண்டைக் கழித்தல் எளிய நோன்பன்று. இருவர் உள்ளமும் மாறவில்லை. 1940இல் அடிகளின் வாழ்த்துடன் திருமணம் நடந்தேறியது.

1947இல் அவர்கள் சின்னாளப்பட்டிப் பகுதிக்கு வந்தனர். மருத்துவர் முகம் காணாமலே மகப்பேற்றை எதிர்கொண்ட பெண்களுக்காக அங்கே சிறிய மருத்துவ நிலையம் ஒன்று எழுந்தது. நாளடைவில் அது கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமும், கிராமசேவிகைகளுக்குப் பயிற்சியும் ஏற்பட்டன.

அம்மையார் 1984இல் மறைந்தார். 2005இல் இந்திய அஞ்சல் துறை அவர் திருவுருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.